லேட் பஸ் ஷைனா

எங்கள் பேண்டுக்கு 'லேட் பஸ்' என்று பெயர் வைத்தவன் நான்தான். ரெக்கே இசையில், காது எதிர்பார்க்கிற இடத்தில் அடி விழாது; அரை மூச்சு தள்ளித்தான் விழும். கோத்தகிரி பஸ்ஸும் அப்படித்தான். இனி வராது என்று டீக்கடைக்குள் நுழைந்தால் வந்து நிற்கும். என் பெயர் அம்புரோஸ். பகலில் குன்னூரில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் வேலை, சாயங்காலம் பேஸ் கிட்டார். டிரம்ஸ் சரத். பாடுவது ஷைனா. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஷைனாவை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஏழு வருஷம் சீரியலில் மருமகளாக இருந்து அழுதவள். மாமியார் திட்டினாலும் அழுவாள், திட்டாவிட்டாலும் அழுவாள். ஆனால் அவளைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தக் குரல் சென்னையில் டப்பிங் பேசுகிற தேவி என்பவருடையது.

ஷைனாவின் அம்மா யூனிஸக்கா கட்டபெட்டு பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். 'சங்கு யூனிஸ்' என்றால்தான் அங்கே ஆள் தெரியும். பாக்டரி சங்குக்கு அடுத்தபடி மலை முழுக்கக் கேட்கிற தொண்டை அது. கனத்து, கரகரத்து, இருட்டில் கேட்டால் ஆம்பளை என்றே நினைப்பீர்கள். தேயிலைக்குள் காட்டுமாடு இறங்கினால், முதலில் பார்க்கிறவர் "ஓ...ஹோய்" என்று குரல் கொடுக்க வேண்டும். கேட்ட ஒவ்வொருவரும் நின்ற இடத்திலிருந்து அதே மாதிரி திருப்பிக் கொடுக்க வேண்டும். பதில் வராத பக்கத்துக்கு ஆள் ஓடும். யூனிஸக்கா கூப்பிட்டுப் பதில் வராத பக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

எஸ்டேட்டுக்கு உதவிய அந்தத் தொண்டையைக் கோயிலில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆசைப்பட்டு கொயரில், அதாவது ஆராதனைப் பாட்டுக் குழுவில், சேர்ந்தபோது, "சிஸ்டர், நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்றாராம் நடத்தியவர். மனுஷன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நல்லெண்ணம் செய்கிற கெடுதலைப் பிசாசுகூடச் செய்யாது. அக்கா அதற்குப் பிறகு சபையில் வாய் திறந்து பாடவே இல்லை.

தாயைப் போலப் பிள்ளை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாள் வேஷம் கேட்டு அழுத ஷைனாவுக்கு வருஷா வருஷம், குழந்தைகளைக் கொல்லச் சொல்கிற ஏரோது ராஜா வேஷம்தான் கிடைத்தது. குரல் அப்படி. ஆனால் அந்த ஏரோதுதான் அவளுக்கு நடிப்பைக் கற்றுக்கொடுத்தான். ஊட்டியில் ஷூட்டிங் நடந்தபோது கூட்டத்தில் நிற்கப் போனவளை ஒரு டைரக்டர் தனியாகக் கூப்பிட்டார். "முகம் பிரமாதம். குரல் வேற போட்டுக்கலாம்" என்றார். சென்னைக்குப் போனாள்.

சீரியலின் முதல் நாள் எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடி டிவி பார்த்தார்கள். மகள் வாய் திறந்ததும் பஞ்சு மாதிரி ஒரு குரல் வந்தது. யூனிஸக்காவுக்கு டப்பிங் எல்லாம் தெரியும். தெரிந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந் தொண்டை எங்கூடவே போகட்டும். எம்புள்ளைக்கு ஆண்டவர் நல்லதா ஒண்ணு குடுத்துட்டாரு" என்றார். "அம்மா, நான் இருக்கேன்ல" என்று சீரியலில் வருகிற வசனத்தை போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து ஷைனா கூப்பிட்டால் முதலில் தேவி பேசுவார். அக்கா பட்டனை அமுக்கிய பிறகுதான் ஷைனா பேசுவாள். இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

சீரியல் முடிந்தது, ஊருக்குத் திரும்பினாள். குன்னூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் நாங்கள் வாசிக்கப் போயிருந்தோம். நிகழ்ச்சியைத் தொகுத்துப் பேச இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னதும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "என்ன கண்ணு, சளி புடிச்சிருக்குதா?" என்று ஒரு பெரியம்மா அக்கறையாகவே கேட்டார். எனக்கோ கையில் கிட்டார் நின்றுவிட்டது. சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பர் பாட்டுக்கு இப்படி ஒரு தொண்டை கிடைக்காதா என்று நாங்கள் ஏங்கிக் கிடந்த நேரம் அது. எங்கள் பழைய பாடகன் அப்போதுதான் கனடா போயிருந்தான். போகாதே என்று அவன் காலில் விழாத குறை. போனதற்கு இன்றைக்கு வரை அவனுக்கு நன்றி சொல்கிறேன்.

ஷைனா எங்களோடு சேர்ந்தாள். ஏழு வருஷம் முகத்தால் மட்டும் பேசினவள், பாடினால் விரல் நுனி வரை பாடினாள். கேட்க யார் யாரோ வந்தார்கள். யூனிஸக்கா மட்டும் வரவில்லை. "அந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு மேடை ஏறி, ஊரு சிரிக்கறத நாம் பாக்கணுமா?" என்பார்.

இந்த மே மாதம் சென்னையிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. புது சீரியல், பெரிய வேஷம், குரல் அதே தேவி. பெட்டியைக் கட்டு என்றார் அம்மா.

"ஒருக்கா வந்து நாம் பாடறதக் கேளும்மா. கேட்டுட்டும் போன்னு சொன்னீன்னா, மறுபேச்சில்லாமப் போயிர்றேன்" என்றாள் ஷைனா.

அவள் போனால் லேட் பஸ் டிப்போவில் நிற்க வேண்டியதுதான். ஆனால் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நாங்கள் யார்?

குன்னூரில் கோடை சீசன் நிகழ்ச்சி, திறந்த மைதானத்தில். அன்றைக்கு தேவியையும் ஷைனா வரச் சொல்லியிருந்தாள். டப்பிங் எல்லாம் ஷூட்டிங் முடிந்த பிறகு தனியாக நடப்பதால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாதாம். "என் அழுகையெல்லாம் அழுதவங்கண்ணா அவங்க. நேர்ல ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?" என்றாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. யூனிஸக்கா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையில் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டது.

"ஷைனா?" என்று அக்கா துள்ளித் திரும்பினார்.

கண்ணாடி போட்ட, குள்ளமான ஓர் அம்மா குடையோடு நின்றிருந்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பேசுங்க கண்ணு. இன்னும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். தேவி தயங்கி, "அம்மா, நான் இருக்கேன்ல" என்றார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

மேடை ஓரத்திலிருந்து இதைப் பார்த்த ஷைனா என் தோளைப் பிடித்தாள். "முடிஞ்சுதுண்ணா. அந்தக் குரலு எங்கம்மா பக்கத்துலயே வந்து உக்காந்திருச்சு. இனி நான் எங்க பாடி ஜெயிக்கறது?"

எனக்கும் அதுதான் தோன்றியது. "பாடு கண்ணு" என்றேன்.

இரண்டு பாட்டு போயிற்று. அக்கா கல்லு மாதிரி இருந்தார். மூன்றாவது ஷைனாவே எழுதியது, எஸ்டேட்டைப் பற்றியது. நடுவில் நாங்கள் எல்லோரும் வாசிப்பதை நிறுத்துவோம். அவள் மட்டும் மெதுவாக முனகிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அன்றைக்கு அவள் முனகவில்லை. தலையை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து, "ஓ...ஹோய்" என்று கூப்பிட்டாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஓ...ஹோய்!"

பதில் முன்வரிசையிலிருந்து வந்தது. யூனிஸக்கா எழுந்து நின்றிருந்தார். யோசித்துக் கொடுத்த பதில் இல்லை அது. கூப்பிட்டால் கொடுத்தே பழகிய தொண்டை. மைக் இல்லாமலே மகள் குரலுக்குச் சமமாக எழுந்தது. அடுத்து பின்வரிசைக் குடைகளுக்கு அடியிலிருந்து ஒரு பதில், டீக்கடைப் பக்கமிருந்து ஒன்று, வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்து இன்னொன்று. எத்தனை எஸ்டேட் ஆட்கள் வந்திருந்தார்களோ, அத்தனை பேரும் கொடுத்தார்கள். சரத் அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான். ஷைனா அழுதுகொண்டே பாடி முடித்தாள்.

இறங்கி வந்ததும் தேவிதான் முதலில் அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு அக்காவிடம் திரும்பி, "இப்பக் கூப்பிட்டாங்களே அம்மா, அது எனக்கு வராது. எத்தனை டேக் போனாலும் வராது" என்றார்.

அக்கா தேவியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம்புள்ளை ஏழு வருஷம் சோறு தின்னது உங்க தொண்டையிலதானுங்க. இந்த நன்றிய நாங்க சாகற வரைக்கும் மறக்க மாட்டோம்" என்றார். அப்புறம் மகளைப் பார்த்தார். "அந்தச் சென்னைக்காரருக்கு போனைப் போடு."

ஷைனா போட்டுக் கொடுத்தாள். அக்கா "ஹலோ" என்றதும் ஸ்பீக்கரில் சீரியல் மேனேஜர் பேசினார்.

"சொல்லுங்க சார்."

"சாரில்லீங்க. ஷைனாவோட அம்மா. புள்ளை அங்க வரலீங்க. அவளுக்கு இங்க பாட்டு இருக்குது."

"அம்மாவா? குரல் வந்து..."

"ஆமாங்க, எங்கூட்டுக் குரலே இப்படித்தானுங்க" என்று சொல்லி, போனை மகள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ரிங்டோனை அக்கா இன்னும் மாற்றவில்லை. தேவி கண்ணு ஞாபகமாக இருக்கட்டும் என்கிறார். மறு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடந்ததை ஷைனா வந்து சொன்னாள். முதல் சரணத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். இரண்டாவது சரணத்தை அம்மா இன்னும் சத்தமாகப் பாடினாராம்.