கழுவி வைத்த ஒன்பது தாழிகள்

காலை 6.45. நாகர்கோவில் வடசேரியில் களியக்காவிளைப் பேருந்தில் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும், மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி நின்றபோது வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். மடியில் பதினொரு பக்கப் படிவம். உதியன்குளங்கரைக்கு உள்ளே ஒரு குன்றில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத் தாழிகள் தென்பட்டிருந்தன. அந்த இடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கத் தகுதியானதா என்று பார்த்து எழுதித் தர வேண்டும். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். தாழிகளைப் பற்றி நாலு கட்டுரை எழுதிய பாவத்துக்கு, கேரளத்து அதிகாரிகள் இந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

படம் வந்தது மூன்று மாதத்துக்கு முன்பு. வெட்டுப்பட்ட செம்மண் சுவரில் ஒரு பானையின் வாய்விளிம்பு பிதுங்கி நின்றது. அனுப்பியவர் லீலாபாய், முந்திரி ஆலைத் தொழிலாளி. அந்தக் குன்றின் மேல்தான் அவர் வீடு. உடனே வருகிறேன் என்று போனில் சொன்னேன். விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது, பிறகு மைத்துனன் மகள் கல்யாணம் வந்தது. இரண்டு முறை தள்ளிப்போட்டேன்.

8.30. களியக்காவிளையில் கேரளப் பேருந்துக்கு மாறினேன். பதினைந்து ரூபாய். ஒன்பது மணிக்கு உதியன்குளங்கரை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் சுதன் நான் இடம் சொன்னதுமே திரும்பிப் பார்த்தார்.

"தாழி பாக்க வந்த சாரா? குன்னு இப்போ பாதியாக்கும் கேட்டியளா."

"மீதி?"

"நீங்க எழுதித் தந்தா நிக்கும்னு லீலாக்கா சொல்லிட்டு நடக்காவ. போன ஞாயிறு சர்ச்சில உங்களுக்காக ஜெபம்கூட உண்டு."

நான் படிவத்தை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

9.20. சுதன் சொன்னது சரி. குன்றை மூன்று பக்கமும் நேர்குத்தாக வெட்டி எடுத்திருந்தார்கள். விளிம்பில் நின்ற தென்னையின் வேர்கள் பாதி அந்தரத்தில் தொங்கின. கீழே ஜேசிபி அள்ளிப் போட, லாரிகள் வரிசையாக நின்றன. பள்ளம் நிரப்பவும் மனை உயர்த்தவும் இந்த மண்ணுக்கு நல்ல கிராக்கி. வெட்டு, லீலாபாய் வீட்டுப் பின்சுவருக்கு இருபது அடியில் வந்து நின்றது. அவரும் கணவர் ராஜமணியும் கொடுக்காத மனு இல்லை. பக்கத்து நிலத்துக்காரருக்கு அனுமதி இருக்கிறது என்பதே எல்லா இடத்திலும் பதில். இவர்களுடைய பத்து சென்ட் பாதுகாக்கப்பட்ட இடமானால் சுற்றிலும் யாரும் மண் தோண்ட முடியாது. வேறு வழியெல்லாம் அடைபட்டுவிட்டது.

வீட்டு முற்றத்தில் காலெடுத்து வைத்தேன். நீலத் தார்ப்பாயில் ஒன்பது தாழிகள் வரிசையாக நின்றன. சுண்ணாம்புக் கட்டியால் நம்பர் போட்டிருந்தது. எல்லாம் பளபளவென்று இருந்தன.

"சாரு வாறியன்னு சொன்னதும் எல்லாத்தையும் எடுத்துத் தேங்காத் தொண்டு வச்சுத் தேச்சுக் கழுவினோம். ஒண்ணுகூட ஒடையல்ல சாரே" என்றார் லீலாபாய். முகமெல்லாம் சிரிப்பு.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் வந்த களைப்பென்று நினைத்து ராஜமணி மோர் கொண்டுவந்தார். கிணறு வெட்டுகிறவர், ஒல்லியான மனிதர்.

"ரெண்டெண்ணத்த ஜேசிபி ஒடச்சுப்போட்டு. மழை தொடங்கினா மிச்சமும் சரிஞ்சு விழும், பின்ன லாரியில ஏறிப் போவும். அதுக்கு முன்ன நான் எடுத்தேன். முப்பது வருஷம் கிணறு வெட்டின கையாக்கும், தப்பாது."

தப்பவில்லைதான். பயிற்சி பெற்ற ஆட்கள்கூட இப்படி முழுசாக எடுப்பது அபூர்வம்.

"உள்ளே இருந்த மண் எங்கே?"

"அது நல்ல கறுத்த மண்ணு சாரே. வாழைக்குப் போட்டேன்."

தாழியின் வயதைச் சொல்வது அந்த மண்தான். சாம்பலும் தானியமும் மணியும் அதில்தான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு வாழைகள் செழிப்பாக நின்றன. அவற்றைப் பார்க்கவே எனக்கு ஆத்திரம் வந்தது. எலும்பு ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். லீலாபாய் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாருங்க" என்றார்.

10.15. ஐந்து நிமிட நடையில் சபையின் கல்லறைத் தோட்டம். ஓரத்தில் புதிதாக ஒரு சின்ன மேடு, அதன்மேல் சிமென்ட் சிலுவை. பெயர் இல்லை.

"பானைக்கு ரெண்டு கைப்பிடி எலும்பு வச்சு இருந்து. எல்லாத்தையும் வெள்ளத் துணியில கெட்டி இஞ்ச அடக்கினோம். உபதேசியார் வந்து ஜெபிச்சாரு. மனுஷருக்க எலும்ப வாழ மூட்டில போட ஒக்குமா சாரே?"

அவர் நின்ற இடத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் படித்தவன், துணியில் கட்டாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருப்பேன்.

இன்னும் திறக்காத தாழி ஒன்றாவது மண்ணுக்குள் இருக்காதா என்ற நப்பாசையில் திரும்பினேன். ராஜமணி சிரித்தார். உலக்கையால் அடிக்கு அடி இடித்து, சத்தம் மாறுகிற இடமெல்லாம் பார்த்துவிட்டாராம். நான் நம்பாமல் இரும்புக் கம்பியை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் குன்று முழுக்கக் குத்தினேன். ஒன்றும் இல்லை. அந்த மனிதரின் வேலையில் குறை காண முடியாது.

12.30. படிவத்தை விரித்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'தொல்பொருள்கள் புதைந்த இடத்தில் புதைந்தபடியே உள்ளனவா?' இல்லை என்றால் மீதி ஏழு பக்கத்துக்கு மதிப்பில்லை. பொய் எழுதலாமா என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கால் மணி நேரம் அதைத்தான் நினைத்தேன். ஆனால் என் அறிக்கையைச் சரிபார்க்க இன்னொரு குழு வரும். அவர்கள் வந்து பார்ப்பது ஒன்பது வெறுங்குழிகளைத்தான். 'இல்லை' என்று எழுதிவிட்டு இருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

ராஜமணிக்கு முதலில் விளங்கவில்லை. "ஒம்பது குழியும் எனக்கு ஓர்மை உண்டு சாரே. எதில இருந்து எதுன்னு நம்பர் போட்டது அதுக்குத்தான். நாளைக்கே திரும்ப வச்சு மூடலாம்."

"உபதேசியாரக் கேட்டு எலும்பையும் எடுத்துத் தாறோம்" என்றார் லீலாபாய்.

ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்ப வைத்தாலும் ஆகாது என்றேன். லீலாபாய் தார்ப்பாயின் மடங்கிய ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"அப்போ நாங்க தொடாம விட்டிருந்தா?"

"கிடைத்திருக்கும்" என்றேன். சொன்னபடி உடனே நான் வந்திருந்தாலும் கிடைத்திருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, தாழிகள் வீணாகாது, அருங்காட்சியகத்தில் நல்ல இடம் கொடுப்பார்கள் என்று என்னத்தையோ உளறினேன்.

"செரி. பானைக்கு எடம் ஆச்சு. எலும்புக்கும் நாங்க எடம் குடுத்தோம்" என்றார் லீலாபாய். "நாங்க எங்க சாரே போவ?"

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். எனக்காகக் காலையிலேயே சமைத்தது. வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு முகம் இல்லை. சாப்பிட்டேன். பின்சுவருக்கு அப்பால் ஜேசிபி ஓடிக்கொண்டே இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது.

2.40. சுதன் ஆட்டோவில் ஏறினேன். கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றேன். உதியன்குளங்கரையில் இறங்கியதும் காசு வாங்க மறுத்துவிட்டார். கோபத்தில் மறுத்தாரா, இரக்கத்தில் மறுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

மாலை 5.30க்கு நாகர்கோவிலில் என் வீட்டு வாசலில் இறங்கினேன். எங்கள் மனை முன்பு வயலாக இருந்தது. வீடு கட்டும்போது நூற்றிருபது லோடு செம்மண் அடித்துத் தெரு மட்டத்துக்கு உயர்த்தினோம். அன்று மண் சுத்தமாக இருக்கிறதா, லோடு குறையாமல் வருகிறதா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். அது எந்தக் குன்று, மேலே யார் குடியிருந்தார்கள் என்று ஒரு லாரிக்காரரிடமும் கேட்கவில்லை.