அம்மாவின் நான்கு இசைப் புத்தகங்கள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மூத்தவர் எழுத வேண்டிய கட்டுரை இது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், "நீதான் நல்லா பேசுவியேடா, நீயே எழுது" என்று தொலைபேசியிலேயே ஒதுங்கிக்கொண்டார்.

அம்மா பூம்புகார்ப் பக்கம் பிறந்தவர்கள். பாபநாசத்தை அடுத்த எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு தாத்தாவின் நான்கு இசைப் புத்தகங்களும் வந்தன. மிகப் பழைய அச்சு. கீர்த்தனைகளுக்குக் கீழே ஸ்வரம் போட்டிருக்கும். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் வளையலும் தோடும் அடகுக்குப் போயின. "கடைக்காரருக்குப் பாட்டு வராது, அதனால புத்தகம் தப்பிச்சுது" என்பார்கள். அப்பா போன பிறகும் நிலத்தைத் தரிசு போடாமல் எங்களைப் படிக்கவைத்தார்கள். நாங்களும் படித்து, அண்ணன் அமெரிக்கா, தங்கை துபாய், நான் சிங்கப்பூர் என்று பறந்துவிட்டோம்.

சரஸ்வதி பூஜையன்று அந்தப் புத்தகங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவார்கள். மறுநாள் விஜயதசமிக்கு அம்மாவும் நாங்கள் மூவரும் ஆளுக்கொன்றை எடுத்து ஒரு வரியாவது பாட வேண்டும். நான் பாடினால் கொல்லையில் மாடு கயிற்றை அறுக்கப் பார்க்கும்.

கடைசியாக விடுப்பில் வந்தபோது, பழைய புத்தகம் வாங்கும் சென்னைக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். "அபூர்வமான பதிப்பு சார். கறை மட்டும் இல்லாம இருந்தா நீங்க வச்சதுதான் விலை" என்றார். அட்டைகளில் அத்தனை வருடக் குங்குமமும் இருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பொட்டு அட்டை முழுக்கப் பரவி, புத்தகம் அடிதடியில் சிக்கியவன் முகம் மாதிரி ஆயிற்று. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, போதாமல் நானும் ஊதினேன். கட்டிலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"என்னடா, புத்தகத்துக்கு மூஞ்சி கழுவி விடுறியா?"

"கறை போனா நல்ல விலைம்மா."

"அப்ப பவுடரும் போட்டு விடு. பொண்ணு பார்க்க வர்றாங்கள்ல."

விலை எவ்வளவு என்று கேட்கவில்லை. முந்தானையால் ஈரத்தை ஒற்றி எடுத்தார்கள்.

போன ஆவணியில் அம்மா போய்விட்டார்கள். காரியம் முடிந்து அண்ணனும் தங்கையும் விமானம் ஏறினார்கள். வீட்டை ஒழுங்குசெய்து பூட்ட நான் மட்டும் தங்கினேன். துக்க வருடம் என்பதால் பூஜை கிடையாது. புத்தகங்கள் அலமாரியிலேயே இருந்தன. விஜயதசமியன்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா சுண்டல் கொண்டுவந்தார்.

"இந்த வருஷந்தான் தம்பி இந்த வீட்ல பாட்டுச் சத்தம் இல்ல."

"நாங்க போனப்புறம் யாரு பாடினதுக்கா?"

"அம்மாதான். ஒவ்வொரு புத்தகமா எடுத்து, இது பெரியவனுக்கு, இது பாப்பாவுக்குன்னு ஒவ்வொரு வரி பாடுவாங்க. உங்க புத்தகம் வந்தா மட்டும் வேணும்னே சுருதி தப்பப் பாடிட்டு, அவங்களே சிரிச்சுக்குவாங்க."

சுண்டலில் காரம் அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்காவும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

கடைசி நாட்களில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய செல்வி அக்காவுக்கும், நாங்கள் வந்து சேரும்வரை கூடவே இருந்த தெருவாருக்கும் எங்கள் நன்றி. சென்னைக்காரர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் நன்றி, புத்தகங்கள் விற்பனைக்கு இல்லை.

துக்க வருடம் முடிந்துவிட்டது. வருகிற விஜயதசமிக்கு வீட்டைத் திறந்துவைத்திருப்பேன். அண்ணா, பாப்பா, உங்கள் புத்தகங்களை நீங்களே வந்து எடுங்கள். வராவிட்டால் நான்கையும் நானே பாடுவேன். என் குரல் உங்களுக்குத் தெரியும்.