ஃபிரிட்ஜில் வைத்த பஞ்சுக்குச்சி

மருத்துவமனையின் பின்கட்டில், நோயாளிகளின் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் அறையில் அவளுக்குப் பதினொரு ஆண்டு வேலை. வட்டத் தட்டுகளை மார்போடு அணைத்து வராந்தாவில் நடப்பதால் தட்டு அக்கா என்று பெயர்.

நான்கு வயது மகளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒரு மாதமாகத் திரும்புவதில்லை. பிடிவாதம் என்று நினைத்தார்கள். "உன் பொண்ணாச்சே, வேற எப்படி இருப்பா?" என்று கணவன் சிரித்தான். பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு காலை தலையணையில் மஞ்சள் கறை. செவிப்பறை கிழிந்து சீழ் வடிந்திருந்தது.

ஐந்து நாள் மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. குழந்தை மருத்துவர் சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"எந்தக் கிருமின்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அப்பத்தான் மருந்தை மாத்தறதா வேண்டாமான்னு தெரியும்."

அறைக்குள் நுழையும்போதே வெளியே மகள் வீறிட்டாள். அவள் கையில் இருந்த குச்சியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஓடினாள். சிறுநீர்ப் புட்டிகளை அங்கே வைத்துப் பழகிய கை. காதுச் சீழின் கிருமிகள் குளிரில் செத்துப்போகும் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு அவளே முதல் நாள் சொல்லுவது.

மாலையில் குச்சியை எடுக்கும்போதுதான் உறைத்தது. ஒன்றாவது பிழைத்திருக்காதா என்ற ஆசையில் தட்டில் தேய்த்தாள். இரண்டு நாள் பார்த்தாள். தட்டு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

"ஊருக்கே பாடம் எடுப்ப, சொந்தப் பிள்ளை காதை ஐஸ் பெட்டியில வெச்சிட்டியேக்கா!" என்றாள் பக்கத்து மேசையில் ரத்தம் பார்ப்பவள். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "விடுக்கா. கிருமி வளரலன்னு எழுது. அது உண்மைதானே?"

"உண்மைதான். அதை நம்பி டாக்டர் அதே மருந்தைக் கொடுப்பாரே."

பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய் மருத்துவரிடம் சொன்னாள்.

"ரெண்டு நாள் வீணாப் போச்சே. இன்னும் வடியுதுல்ல? கூட்டிட்டு வாங்க."

இந்த முறை குச்சியோடு நேராகத் தன் மேசைக்கு நடந்தாள். சாக்லேட் தட்டில் தேய்த்தாள். சூட்டில் பழுப்பாகிப்போன ரத்தம்தான் அது. அதில் இனிப்பே கிடையாது என்று தெரிந்த நாளில் மகள் அரைநாள் பேசாமல் இருந்தாள். தட்டை ஜாடிக்குள் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி மூடினாள். சுடர் தானாக அணைந்தது. எரிந்து மிஞ்சிய அந்தக் காற்றுதான் காதுச் சீழின் கிருமிகளுக்குப் பிடிக்கும்.

மறுநாள் சாம்பல் நிறத்தில் சிறு மணிகள், எலி வாடையோடு. ஒரு மணியை எடுத்து மஞ்சள் சோதனை வில்லையில் தொட்டாள். வில்லை சிவப்பானது. கொடுத்துவந்த மருந்தை உடைத்துப்போடும் வகை. மருந்து மாறியது, மூன்றே நாளில் சீழ் நின்றது.

காது கேட்பது மட்டும் திரும்பவில்லை.

"கிருமி போயிடுச்சு, கிழிசலும் ஆறிடும்," என்றார் மருத்துவர். "உள்ள தேங்கின நீர் வத்த ரெண்டு மூணு மாசம்கூட ஆகலாம். பொறுங்க."

பொறுத்தாள். தினமும் மாலை, ஜன்னலோரம் கட்டைகளை அடுக்கும் மகளுக்குப் பின்னால் நின்று, தொட்டில் நாளில் கூப்பிட்ட அதே மெல்லிய குரலில் "குட்டி" என்பாள். அந்தச் சின்ன முதுகு அசையாது. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள். மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு போதவில்லை. அந்தக் கழுத்து திரும்புவதை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது. மற்ற நேரமெல்லாம் வீட்டில் கத்தல்தான். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, "ஏதாவது சண்டையாம்மா?" என்று கேட்டார்.

ஏழாவது வாரம். அடுக்களையிலிருந்து வழக்கம்போல் கத்தினாள்: "குட்டி, பால் ஆறுது, வா!"

ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா கத்துற? இங்கதானே இருக்கேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். அடுக்களை வாசலில் வந்து நின்றாள். மூச்சோடு மூச்சாக, பழைய குரலில் கூப்பிட்டாள்.

"குட்டி."

கழுத்து திரும்பியது. "ம்?"