மாட்டுப்பட்டியில் ஒரு சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தா. நாலு காலு, ஒரு வாலு, நெத்தியில வெள்ளப் பொட்டு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க. அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கல.

எங்க மகன் காய்ச்சல்ல செத்துப்போனப்ப நான் மேமலையில தேயிலைக் கொழுந்து பறிச்சுக்கிட்டு நின்னேன். லயத்து வீட்டுல அவன்கூட இருந்தது எம்புருசன் மட்டுந்தான். அன்னையிலருந்து மனுசன் வாயத் தொறக்கல. காலையில பெரட்டுக் களத்துல பேரு கூப்புட்டா பதில் சொல்லணும். சொல்லாட்டி வேலை இல்ல. கோடாங்கிய வச்சு உடுக்கை அடிச்சும் பாத்தாச்சு. கடைசில தோட்டத்துத் தொரை, இந்த மாசத்துக்குள்ள பேசலைன்னா வட்டகொடையில ரயிலேத்தி கொழும்பு பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன்னுட்டாரு. அங்க போயி திரும்பி வந்த ஆள எங்க லயத்துல யாரும் கண்டதில்ல.

தோட்டத்து டாக்டரய்யாதான் குறுக்க நின்னாரு. தொரையோட மாட்டுப்பட்டியில வேலைக்கு விடுங்க, யாரும் ஒரு கேள்வி கேக்காதீங்க, பேச்சு தானா வரும்னாரு. வந்துச்சு. பசுமாட்டுக்கிட்ட பேசுறாருன்னு பட்டி கூட்டுறவ வந்து சொன்னா.

ஓடிப்போயி செவுத்தோரமா நின்னு கேட்டேன். மாட்டுக் கழுத்தத் தடவிக்கிட்டே எம்புள்ளையப் பத்தி சொல்றாரு. கம்பளிய ஒதறி ஒதறித் தள்ளுனானாம், தண்ணி தொண்டையில எறங்கலையாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவன் என்ன மாட்டுக்கா பொறந்தான்? பத்து மாசம் சொமந்தவ நானில்ல? உள்ள போயி, "அத எங்கிட்ட சொன்னா என்னங்க?"ன்னு கேட்டுப்புட்டேன். வாய் மூடிக்கிச்சு. அதுக்கப்பறம் மாட்டுக்கிட்டயும் பேச்சில்ல. டாக்டரய்யா என்னைய நல்லா ஏசுனாரு.

மாசக் கடைசியில தொரையே பட்டிக்கு வந்து நின்னாரு, கூட டாக்டரய்யா. தொரை கேக்கக் கேக்க இவரு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. ரயிலுதான்னு ஆயிப்போச்சு. அவருகிட்ட கேள்வி கேக்கக்கூடாது, அவ்வளவுதானே? மாட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு, அதுகிட்ட கேட்டேன்.

"ஏண்டி, எம்புள்ள கடைசியா என்னடி கேட்டான்?"

அப்பறம் அவரு குரல் வந்துச்சு.

"அம்மா எப்ப வரும்னு கேட்டான்."

தொரைக்கும் நம்ம தமிழ் வெளங்கும். பேசுறான்தானே, இருக்கட்டும்னுட்டு போயிட்டாரு. நான் அந்தச் சாணியிலயே உக்காந்து அழுதேன். அவரு என் பக்கம் திரும்பல. அந்தப் பதிலையும் மாட்டு மொகத்தப் பாத்துத்தான் சொன்னாரு.