மூன்றாவது அடுக்கு

பேய், ஆவி, அருள்வாக்கு எதையும் நான் நம்பியதில்லை. இப்போதும் நம்பவில்லை, அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பாதியில் நீங்கள் சிரித்தாலும் தப்பில்லை, வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சில வருஷம் முன்புவரை நானும் அக்காவின் கணவரும் வடக்கே ஒரு கடலோர ஆய்வுக்கூடத்தில் ஒரே வேலை பார்த்தோம். அமிலத்தில் கரைந்த அணுக்கழிவோடு ஓர் எண்ணெயைச் சேர்த்துக் குலுக்க வேண்டும், விட்டுவிட்டால் எண்ணெய் மேலே ஏறும், ஏறும்போது தனக்குப் பிடித்த உலோகத்தை மட்டும் கழிவிலிருந்து தூக்கிக்கொண்டு போகும். தாங்காத அளவு ஏற்றினால் எண்ணெயே இரண்டாகப் பிரிந்து, நடுவில் கனத்த மூன்றாவது அடுக்கு ஒன்று வந்து உட்காரும். எங்களுக்குப் பயமென்றால் அதுதான். கழிவோ தீயில்லாமலே வருஷக்கணக்கில் தானாகச் சுட்டுக்கொண்டிருக்கும்.

அத்தானுக்கு ரத்தம் கெட்டது, புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் காரணம் கேட்டோம், யாருக்கும் வரலாம் என்றார்கள். ஆபீஸில் கேட்டோம், அவர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே வாய் போலிருக்கிறது.

அத்தான் காரியம் முடிந்த மறுநாள், லீவில் வந்திருந்த நான் ராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். ஆபீஸிலிருந்து ஆள் வந்து, அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லிப்போயிருந்தார். அதே கட்டடம், நாங்கள் கழற்றிப்போடும் சட்டைகளைத் துவைக்கும் பகுதி. புருஷனைத் தின்ற இடம் பெண்டாட்டிக்கு உத்தியோகம் கொடுக்கிறது, கருணை அடிப்படையில்.

அத்தான் படத்துக்கு முன்னால் கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர், மேலே நல்லெண்ணெய், அதில் மிதக்கும் திரி. நடுப்பகல், ஜன்னல் வெயில் நேராக டம்ளர்மேல் விழுந்தது. இருட்டில் கண் ஏமாந்தது என்று சொல்ல வழியில்லை.

"ஏலே தம்பி, நீ அங்கன வேலை பாக்கவன். போகவா, வேண்டாமா?"

"போகாதக்கா."

"ரெண்டு பொட்டப்புள்ளைகளுக்கு நீ சோறு போடுவியோ? உம் பொண்டாட்டி விடுவாளோ?"

டம்ளரைப் பார்த்தேன். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ கூடிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெயும் கிணற்றுத் தண்ணீரும் அப்படிச் செய்யாது, நான் படித்த படிப்பே அதுதான். கொட்டிவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரும் புது எண்ணெயும் ஊற்றி, திரி ஏற்றாமல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூடியது. இதற்குத்தான் நாங்கள் அங்கே பயப்படுவோம், அத்தானே உன்னைப் போகாதே என்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். ஆமாம், எதையும் நம்பாத நான்தான் சொன்னேன்.

அவள் விரலை உள்ளே விட்டாள். மேலே ஜில்லென்று இருக்கிறது, நடுவில் மட்டும் சுடுகிறது என்றாள். நானும் விட்டேன், அடிவரை குளிர்ச்சி. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், கழிவு தானாகச் சுடும் என்று நானும் அத்தானும் அவளிடம் சொன்னதில்லை. வேலையை வீட்டில் பேசக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

அக்கா மறுபடி விட்ட விரலை எடுக்கவில்லை. அழுது காய்ந்திருந்த முகம் இளகிக்கொண்டே வந்தது.

"கடைசியில அவிய கை இப்படித்தாம்ல சுட்டுச்சு. அவிய அங்கனதான் இருக்காவ. நான் போறேன்."

எனக்குப் போகாதே என்று சொன்ன அதுவே அவளை வா என்று கூப்பிட்டிருக்கிறது.

அதே டம்ளர், அதே எண்ணெய், அந்தக் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து எத்தனையோ நாள் பார்த்தேன். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, பள்ளிக்கூடப் பாடம் மாதிரி நின்றன. பிறகு நான் வேலையை விட்டுவிட்டேன். அக்கா இன்னும் அங்கே துவைக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், சோதனையில் எதுவும் தெரியவில்லையாம். போன மார்கழியில் ஊருக்கு வந்தபோது அவள் சின்ன மகள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"குளிருக்கு நாங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுக்கோம் மாமா. காய்ச்சலெல்லாம் இல்ல. அந்தக் கை ஆறவே மாட்டேங்கு."