எட்டில் நின்ற செவ்வாயும் அப்பாவின் கம்ப்யூட்டரும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்த சங்கதி, திருக்கோஷ்டியூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மாவால்தான் எனக்குத் தெரிய வந்தது. பேரனுக்கு ஜாதகம் போட வந்தவர் அவர். அப்பா பிறந்த தேதியைத் தட்டி, நேரத்தைத் தட்டி, கட்டம் வரட்டும் என்று காத்திருந்தபோது திரை முழுக்க ஒரு பெண் வந்து நின்றாள். உடம்பில் துணி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் காலடியில் சீட்டாட வரச்சொல்லி ஓர் அழைப்பு வேறு மினுக்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "என்ன தம்பி, பேரனுக்கு லக்னம் கேட்டா இவ வந்து நிக்கிறா? இவதான் பொண்டாட்டியா வரப்போறாளாக்கும்?"

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மவுஸைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். ஒன்றை மூடினால் இரண்டு திறந்தது. கடைசியில் சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்துவிட்டார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு வந்தபோது, அப்பா இருண்ட திரைக்கு முன்னால் காது சிவந்து உட்கார்ந்திருந்தார்.

செக்காலைப் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் தொழிலிடம். அப்பாவுக்கு ஜோசியம் தெரியாது. அதை வருகிற எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, அச்செடுத்து, மஞ்சள் தடவிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. பலன் கேட்க வேண்டுமென்றால் ஜோசியரிடம்தான் போக வேண்டும். மலேசியாவில் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு, நான் தவழும் பருவத்தில் ஊர் திரும்பியவர். நான் பிறந்ததும் ஈப்போவில்தான். இங்கே வந்து என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் இந்தக் கம்ப்யூட்டரில் வந்து நின்றார்.

அவர் போட்ட முதல் ஜாதகம் என்னுடையது. அதுதான் எங்கள் வீட்டைப் போட்டு அமுக்கியது. துலாம் லக்னம், எட்டாம் இடத்தில் செவ்வாய். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: லக்னத்திலிருந்து எட்டாம் கட்டத்தில் செவ்வாய் நின்றால் கட்டிக்கொண்டவனுக்கு ஆயுள் நிற்காது என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு என்னைப் பிடித்தது, என் அரசாங்க வேலை அதைவிடப் பிடித்தது, ஜாதகத்தைக் கையில் வாங்கியதும் எல்லோருக்கும் அவசர வேலை வந்தது. "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று எழுந்து போனவர்களில் ஒருவர்கூடத் தகவல் சொன்னதில்லை.

இந்த வருஷம்தான் ஒரு வழி பிறந்தது. கோட்டையூர்க்காரர், பள்ளிக்கூட ஆசிரியர். அவருக்கும் செவ்வாய் தோஷம், ஏழாம் இடத்தில். தோஷத்துக்குத் தோஷம் சேர்ந்தால் சரியாகிவிடும் என்பதுதான் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவரைப் பிடித்திருந்தது. போனில் பேசினால் முதலில் "சாப்பிட்டீகளா" என்று கேட்கமாட்டார், "இன்னைக்கு யாரு கூடச் சண்டை" என்று கேட்பார். நிச்சயம் முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம்.

இந்த நேரத்தில் சம்பந்தி வீட்டார் வந்து உட்காரும் முன்னறையில் அரைகுறைத் துணியோடு ஒருத்தி வந்து நின்றால் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே துடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் தினமும் கம்ப்யூட்டரோடுதான் மல்லுக்கட்டுகிறேன், இது ஒன்றும் எனக்குப் பெரிய வித்தையில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதல் அதிர்ச்சி. காற்றாடி முழுக்க விபூதி. அப்பா தினமும் காலையில் பெட்டிக்குப் பட்டை போட்டு, ஊதுபத்தி காட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். சாம்பல் எல்லாம் உள்ளே போய்க் குடியிருந்தது. அதைத் தட்டி எடுத்துவிட்டு, இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்தேன். என் மடிக்கணினியிலிருந்து வைரஸ் துடைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். அதை ஓடவிட்டதும் சிவப்பு வரிகள் மளமளவென்று விழ ஆரம்பித்தன. எனக்கு வாய் பிளந்துவிட்டது. இவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு இது எப்படி இத்தனை நாள் ஜாதகம் எழுதியது?

"அப்டேட்டே பண்ணமாட்டீங்களாப்பா?"

"கேக்கும். 'பிறகு'ன்னு இருக்குல்ல, அத அமுக்கிருவேன். அப்டேட் பண்ணுனா ஜாதகம் ஓடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாக."

"யாரு?"

"பென் டிரைவுல போட்டுக் குடுத்தவுக."

அங்கேதான் விஷயம் இருந்தது. அந்த ஜாதக சாஃப்ட்வேர் காசு கொடுத்து வாங்கியதில்லை. யாரோ பூட்டை உடைத்து, ஊர் ஊராகக் கைமாறிய பிரதி. பூட்டை உடைப்பதற்கு அதோடு வந்த சின்னக் கோப்புதான் வைரஸின் தாய்வீடு. அதைத் துடைத்தால் ஜாதகம் ஓடாது. ஜாதகம் ஓட வேண்டுமென்றால் அந்தப் பெண்மணி வந்து நிற்பாள். இரண்டில் ஒன்றுதான்.

நான் துடைத்துவிட்டேன். அப்பா பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி கூடத்துக்கும் முன்னறைக்குமாக நடந்தார். "பதறாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஒயரைத் திரும்ப மாட்டி, வருஷக்கணக்கில் 'பிறகு' வாங்கியிருந்த அப்டேட்டையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினேன். பிரவுசர் புதுசு, ஆன்டிவைரஸ் புதுசு. கடைசியாக அதே ஜாதக சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை முறையாகக் காசு கட்டி வாங்கிப் போட்டேன். திரை பளிச்சென்று திறந்தது. அப்பாவுக்கு உயிர் வந்தது.

"ஒன் ஜாதகத்தையே போட்டுப் பாரு ஆத்தா. அதுதான் எனக்கு மனப்பாடம். சரியா வருதான்னு தெரிஞ்சுரும்."

தேதி, நேரம், ஊர். புதியது இன்னொன்றையும் கேட்டது. எந்த நாட்டு நேரம் என்று கேட்டது. மலேசியா என்று தட்டினேன்.

கன்னி லக்னம் என்று வந்தது.

தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் கன்னி. நாட்டை இந்தியா என்று மாற்றிப் பார்த்தேன். துலாம் லக்னம், எட்டில் செவ்வாய், அப்பா மனப்பாடமாக வைத்திருந்த அதே கட்டம் அச்சு அசலாக வந்து உட்கார்ந்தது. மலேசியா என்றால் கன்னி. இந்தியா என்றால் துலாம். செவ்வாய் நின்ற இடத்தில்தான் நின்றது. லக்னம் ஒரு கட்டம் பின்னால் போனதும் அது எட்டாம் இடமாக இல்லாமல் ஒன்பதாம் இடமாகிவிட்டது. ஒன்பதில் செவ்வாய் நின்றால் தோஷம் இல்லை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததும் விளங்கியது. ஈப்போ ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த நேரம் ஈப்போ கடிகாரத்து நேரம். நம் ஊர் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது. பழைய பிரதி அதைக் கேட்கவே இல்லை, எல்லா நேரத்தையும் இந்திய நேரம் என்றே எடுத்துக்கொண்டது. என் வாழ்க்கையில் நடந்த அத்தனை அவமானமும் அந்த இரண்டரை மணி நேரத்தில் இருந்தது.

"பழசு கேக்கவே இல்லையே ஆத்தா" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர்னு நம்ம பக்கத்துப் புள்ளைக எத்தன பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்…"

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்குப் புரிய கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் என் கன்னம் இரண்டையும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். "எம்மகளுக்குத் தோஷமே இல்லையா? எந்தத் தோஷமும் இல்லையா?" என்று சிரித்தாள், அழுதாள், சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"அப்ப அந்தத் தம்பிக்கு இருக்கே?"

நான் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. தோஷத்துக்குத் தோஷம் என்றால் சரி. ஒரு பக்கம் மட்டும் இருந்தால், இல்லாதவருக்கு ஆபத்து. இத்தனை வருஷம் நான் ஒருவனைக் கொன்றுவிடுவேன் என்று ஊரே பயந்தது. ஒரே மத்தியானத்தில் நான் சாகப்போகிறவளாகிவிட்டேன். அதிர்ச்சியில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"வேணாம்த்தா. நிறுத்திருவோம். ஒன்னைய அள்ளிக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

"யாருக்கும் தெரியாது. சொல்லாம இருந்துருவோமே" என்றார் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்குத் தெரியுமே!" என்று அம்மா கத்தினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு திருட்டு சாஃப்ட்வேர் போட்ட கட்டத்துக்காக என்னை ஒதுக்கினார்கள். இப்போது ஒரிஜினல் போட்ட கட்டத்துக்காக எனக்குப் பிடித்த மனிதரை ஒதுக்கப் போகிறார்கள். மாடிக்குப் போய் அவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மறைத்து வைத்து வாழ என்னால் ஆகாது.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"எனக்கு நீங்க வேணும்" என்றேன். அவ்வளவு பச்சையாக யாரிடமும் நான் பேசியதில்லை.

"அப்ப அம்மாகிட்டயும் சொல்லிரணும். நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்."

மறுநாள் சாயங்காலம் இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவருடைய அம்மா முன்னறையில் உட்கார்ந்து, பழைய ஜாதகத்தையும் புதியதையும் மடியில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். அப்பா தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் அப்பாவைப் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பார்த்தார்.

"எம்மகனால ஒங்க மகளுக்கு ஆகாதுன்னு நெனக்கிறீகளா மதினி?"

அம்மா பார்வையைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லிருங்க. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவதான் நான். பொண்ணக் குடுக்கமாட்டோம்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னவுக உண்டு. ஒங்க வீட்டுலதான், நமக்கு இருக்கிற கவலையே இவுகளுக்கும் இருக்கு, நம்மளக் கேவலமாப் பாக்கமாட்டாகன்னு வந்து தலைகுனியாம உக்காந்தேன்." கையிலிருந்த காகிதங்களை மெதுவாக மேசைமேல் வைத்தார். "பாலூட்டி வளர்த்த புள்ள மதினி. யாருக்கும் ஒரு கெடுதி நெனச்சதில்ல."

பெண் பார்த்துவிட்டு ஒவ்வொரு குடும்பமும் படியிறங்கிப் போனபோது என் அம்மாவின் முகம் இப்படித்தான் இருந்தது. அந்த முகத்தை இன்னொருத்தியிடம் பார்ப்பேன், அதுவும் எங்களால் வந்ததாகப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கோட்டையூர்க்காரர் எழுந்தார். "வாம்மா, போவோம்."

அந்த அம்மாள் என் தலையில் கையை வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். செருப்பை மாட்டக் குனிந்தபோதுதான் என் அம்மா பேசினாள்.

"மதினி."

அவர் திரும்பினார்.

"தாலிக்குப் பொன் உருக்க நாள் பாத்துட்டீகளா?"

அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாளா இருக்கு" என்றாள் அம்மா. "உருக்கிருங்க. நாங்க வந்துர்றோம். உள்ள வாங்க, ஒரு வாய்த் தண்ணி குடிக்காமப் போறீகளே."

போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து நீட்டினாள். அவளுக்குப் பயம் போகவில்லை. சொம்பு தளும்பித் தண்ணீர் தரையெல்லாம் சிந்திக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சொம்பை வாங்காமல் நீட்டிய கையையே பிடித்துக்கொண்டார். அவ்வளவு பயத்தோடும் அம்மா என்னைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, நின்ற இடத்திலேயே உடைந்து அழுதுவிட்டேன்.