ராகு காலத்தில் வேலைக்குப் போன ஆவுடையம்மாள்

இன்று காலையில் என் கொள்ளுப்பேத்திக்குக் காலேஜுக்கே வந்து கம்பெனிக்காரர்கள் வேலை கொடுத்துவிட்டார்கள்!

காலேஜும் கம்பெனியும் சேர்ந்து வேலை கொடுப்பது இந்தக் காலத்துப் புதுசு என்றாள்.

புதுசா? யுத்தக் காலத்திலேயே எங்கள் குற்றாலத்தில் நடந்தது!

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர், தென்காசி ஆஸ்பத்திரி டாக்டரம்மா, பஸ் முதலாளி, மூன்று பேரும் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள்.

எட்டாவது பாஸான ஒரு பெண்ணுக்கு மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் பழக்கி ஆஸ்பத்திரியிலேயே வேலை. போக வர பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது.

அந்த வருஷம் என் அக்காள் ஆவுடையம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சர்டிபிகேட்டோடு நிற்க வேண்டும். தவறினால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

அக்காளுக்கோ ஆவணியில் கல்யாணம், இரண்டாம் தாரமாக! (பேசி முடித்த புண்ணியவான் எங்கள் சித்தப்பா.) வேலை கிடைத்தால்தான் அதிலிருந்து தப்பலாம்.

திங்கட்கிழமை ஏழரைக்கே ராகு காலம் பிறந்துவிடும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமையே நல்ல நேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு உடுத்த வேண்டிய வெள்ளைச் சேலையையும் சர்டிபிகேட்டையும் மூட்டையாகக் கட்டி, பக்கத்து வீட்டுக் கோமதி அத்தையிடம் பரஸ்தானம் வைத்தாள். மூட்டை வாசல் தாண்டினால் பயணம் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் ராகு காலம் தீண்டாது.

விடிந்து போய்ப் பார்த்தால், அத்தை வீட்டில் பூட்டு!

பண்பொழி மலைக்குச் சாமி கும்பிடப் போய்விட்டாளாம். மூட்டையை மறந்துவிட்டாளாம். (அவள் மறந்தாள். நான் இன்றுவரை மறக்கவில்லை.)

“சர்டிபிகேட் இல்லாம அங்கன போயி என்னட்டி செய்வ?” என்று அம்மா அழுதாள்.

“போயி நெலமையச் சொல்லுதேன். இங்கன உக்காந்திருந்தா யாரு வந்து கேப்பா?” என்று அக்காள் பழைய சேலையோடு நடந்தாள். துணைக்கு நான்.

சாரலில் பஸ் புகைந்துகொண்டு நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். கரியில்தான் ஓடும். டிரைவர் அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டார்.

“கண்ணத் தொடச்சிட்டு ஏறுட்டி.”

வண்டியை நேரே டீச்சர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்!

“அண்ணாச்சி, எனக்குக் கோர்ட்டுல வாய்தா இருக்கு!” என்று ஒருவர் கத்தினார்.

“இந்தப் புள்ளைக்கும் இன்னைக்கு வாய்தாதான். பேசாம இரும்வே!”

டீச்சர் கொண்டையை முடிந்தபடியே ஓடிவந்து ஏறினார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி எட்டு அடித்தது.

“சர்டிபிகேட் எங்கே?” என்றார் டாக்டரம்மா.

“நானே வந்து நிக்கேன்லா! இதுக்கு மேல என்ன சர்டிபிகேட்டு?” என்றார் டீச்சர், மூச்சு வாங்க.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்து அக்காளிடம் நீட்டினார். மேலே முழுக்க இங்கிலீஷ்.

அக்காள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“இது குடிக்கிற மருந்து இல்லம்மா. மேலுக்குத் தடவ மட்டுந்தான்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! முந்தின நாள்வரை என்னோடு உட்கார்ந்து வறட்டி தட்டியவள்!

டாக்டரம்மா ஒரு பெரிய நோட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

“கையெழுத்துப் போடு.”

அதுவரை எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் பெருவிரல் ரேகைதான். அக்காள் பேனாவை மையில் தொட்டு, ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள்.

கல்யாணப் பேச்சு நின்றுபோனது. ஆவணி பிறந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள்!

உங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் யார்? கீழே எழுதுங்கள். இன்னார் பெண்டாட்டி, இன்னார் மகள் என்றெல்லாம் வேண்டாம். பெயரை எழுதுங்கள்!